கீசருக்குக் காசு இருக்கிறது, எர்த்துக்கு இல்லையா?

தீபக் கூட்டம் வடிந்ததும் எங்கள் தொழிலுக்கு ஒரு சீசன் ஆரம்பிக்கும். கார்த்திகை தீபத்திலிருந்து பொங்கல் வரை திருவண்ணாமலையில் வயரிங் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டே வகை. "அண்ணா, கீசர்ல தண்ணி சூடாவல" என்பது ஒன்று. "கொழாயத் தொட்டா சுருக்குனு இருக்குது" என்பது மற்றொன்று. தண்ணீர் சூடாகாத வீட்டில் அன்றைக்கே ஆள் வந்தாக வேண்டும். பொழுது விடிவதற்குள் மறுபடியும் கூப்பிடுவார்கள். குழாய் சுருக்கென்று கடிக்கும் வீட்டில் அந்த அவசரம் இருக்காது. "செருப்பு போட்டுக்கினு குளிச்சா ஒண்ணும் தெரியல, நீங்க பொறுமையா வாங்க" என்பார்கள்.

எனக்குப் புரியாத கணக்கு இதுதான். வெந்நீர் வராவிட்டால் ஒரு நாள் குளியல் தள்ளிப்போகும். குழாயில் கரண்ட் வந்தால் ஒரு ஆளே போய்விடலாம். ஆனாலும் ஊரே முதலாவதற்குப் பதறுகிறது, இரண்டாவதற்குச் செருப்பு மாட்டிக்கொள்கிறது.

தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் கம்பியாள் நான். அரசாங்கம் கொடுத்த தகுதிச் சான்று கடைச் சுவரில் தொங்குகிறது. இந்த ஊரில் மண் சுவர் வீட்டுக்கும் வயர் இழுத்திருக்கிறேன், மூன்று மாடி லாட்ஜுக்கும் இழுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் ஊரில் கீசர் பெருகிய வேகத்தில் எர்த் பெருகவில்லை. வாடகைக்கு வீடும் அறையும் விடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லும் ஏற்பாடு வராதவரை இது மாறப்போவதும் இல்லை.

குளிர் என்றால் நமக்குக் குளியலறைதான்

மேல்நாட்டில் டிசம்பர் வந்தால் வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும். அங்கே கிறிஸ்துமஸ் நாளில் பாய்லர் நின்றுபோனால் குடும்பமே நடுங்கும். நமக்கு அந்தப் பாடு இல்லை. மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. போர்வையும் மப்ளரும் போதும். நம் வீட்டில் சூடேற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான், குளிக்கிற தண்ணீர்.

ஆனால் அந்தத் தண்ணீருக்கான தேவை இந்த நாற்பது, ஐம்பது நாளில் குவிகிறது. மார்கழி விடியற்காலைக் குளியல், வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம், ரமண ஜயந்தி, நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு அன்று கிரிவலம், பௌர்ணமி வந்தால் இன்னொரு கிரிவலம். 14 கிலோமீட்டர் நடந்து வந்தவர் கால் வலிக்கு வெந்நீர் கேட்பது நியாயம். ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைப் பக்கமும் கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டவர் மாதக் கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அறை பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது, "வெந்நீர் வருமா?" வரும் என்று சொல்ல வேண்டுமானால் கீசர் வேண்டும். அதனால் மாடியில் ஒரு அறை கட்டுகிறவர் ஓடு பதிப்பதற்கு முன்பே கீசர் வாங்கி வைத்துவிடுகிறார்.

முன்பெல்லாம் பின்கட்டில் பித்தளை அண்டாவோ செம்பு பாய்லரோ இருக்கும். விறகும் தேங்காய் மட்டையும் எரியும். புகை கண்ணைக் கரிக்கும், ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இப்போது அந்த நெருப்பு சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டிக்குள் போய்விட்டது. உள்ளே என்ன நடக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை.

பெட்டிக்குள் நடப்பது

கீசருக்குள் இருக்கும் எலிமென்ட் என்பது ஒரு உலோகக் குழாய். அதன் நடுவில் சூடாகும் கம்பிச் சுருள், சுருளுக்கும் குழாய்க்கும் இடையே கரண்ட்டைக் கடத்தாத வெள்ளைப் பொடி. இந்த ஊர் போர்த் தண்ணீர் கடினத் தண்ணீர். காய்ச்சக் காய்ச்ச எலிமென்ட் மேல் உப்பு படிந்து கல்லாகிறது. கல் படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்குகிறது. ஒரு நாள் அந்தக் குழாய் மயிரிழை அளவுக்கு வெடிக்கும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்ப் பொடி நனைந்துவிடும். அந்த நிமிடத்திலிருந்து டேங்க், தண்ணீர், உலோகக் குழாய், ஷவர் எல்லாவற்றிலும் கரண்ட் இருக்கும். கீசரோ தன் பாட்டுக்குத் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் மூன்றாவது முள்ளை வைத்தார்கள். பிளக்கில் இருக்கும் அந்தத் தடித்த முள் எர்த். கசியும் கரண்ட்டை மனித உடம்பு வழியாகப் போகவிடாமல் மண்ணுக்கு இழுத்துச் செல்வது அதன் வேலை. கேள்வி என்னவென்றால், சுவரில் இருக்கும் அந்த ஓட்டைக்குப் பின்னால் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான்.

நான் திறந்து பார்த்த போர்டுகளில் மூன்று விதமான ஏமாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, காணாமல் போன எர்த். பழைய வீடுகளில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாய் மண்ணுக்குள் போவதால் ஏதோ ஓரளவு வேலை செய்தது. பிறகு பிளம்பர் வந்து இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு பி.வி.சி. போட்டார். பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாது. அன்றைக்கே அந்த வீட்டின் எர்த் செத்துவிட்டது. பிளம்பருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

இரண்டாவது, பெயருக்குப் போட்ட எர்த். இது பாறை ஊர். மலையைச் சுற்றிப் பல இடங்களில் நாலு அடி தோண்டினால் கடப்பாரை கல்லில் முட்டும். எர்த் பைப் எட்டடிக்கு மேல் போக வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். கல் முட்டியதும் பைப்பை மூன்றடியில் வெட்டிப் புதைத்துவிட்டு மேலே சிமென்ட் பூசிவிட்டால் பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவதுதான் கொடுமை. எர்த் வயரே இழுக்காமல், சாக்கெட்டுக்குள் எர்த் முள்ளையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. லூப் அடிப்பது என்று எங்களுக்குள் சொல்வோம். சோதிக்கிறவர் பல்பு போட்டுப் பார்த்தால் எரியும். எர்த் இருக்கிறது என்று நம்பிவிடுவார். என்றைக்காவது நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால், கீசரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். கசிவே இல்லாத புது கீசராக இருந்தாலும் ஆளைக் கொல்லும். சான்று இல்லாத ஆளை அரைக் கூலிக்குக் கூப்பிடுகிற வீடுகளில் இதைத்தான் செய்துவிட்டுப் போகிறார்கள். சான்று இருந்தும் இதைச் செய்கிற எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள், அதையும் மறைப்பதற்கில்லை.

மழைக்காலம் இதை இன்னும் மோசமாக்குகிறது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு விழுந்து ஏழு பேர் இறந்ததை ஊர் மறக்காது. அந்த மழைக்குப் பிறகு வாரக்கணக்கில் சுவர்கள் காயவில்லை. சுவருக்குள் பதித்த வயர்க் குழாய்களில் தண்ணீர் நின்று, வெறும் சுவரில் வைத்த டெஸ்டர் எரிந்த வீடுகளைப் பார்த்தேன். மலை சரிவதை ஒரு வீட்டுக்காரரால் தடுக்க முடியாது. சுவரில் கரண்ட் வருவதைத் தடுக்க முடியும்.

எம்.சி.பி. இருந்தால் போதாதா?

"புது எம்.சி.பி. போட்டிருக்கேன், அது டிரிப் ஆயிடும்" என்று பலரும் தைரியமாக இருக்கிறார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. 16 ஆம்ப் எம்.சி.பி. என்றால் அதைத் தாண்டிய கரண்ட்டுக்குத்தான் அசையும். 16 ஆம்ப் என்பது 16,000 மில்லி ஆம்ப். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க 50 முதல் 100 மில்லி ஆம்ப் போதும். ஒரு ஆள் குளியலறையில் துடித்துக்கொண்டிருக்கும்போது எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிவதைப் போலத்தான் தெரியும்.

ஆளைக் காப்பாற்றும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்டால் தருவார்கள். பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். அது ஒரு கணக்குப்பிள்ளை. லைனில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று ஓயாமல் சரிபார்க்கும். 30 மில்லி ஆம்ப் குறைந்தால், வேறு வழியில் போகிறது, யாரோ தொட்டிருக்கலாம் என்று முடிவுகட்டி, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கரண்ட்டை நிறுத்திவிடும். வீட்டுக்குத் தேவையான ஒன்றின் விலை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டித்தான். கீசர் வாங்கிய பணத்தில் அது ஒரு பகுதி. கீசருக்குக் கம்பெனி பார்த்து, நட்சத்திரம் எண்ணி வாங்குகிற அதே ஆள், இதைச் சொன்னால் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்.

போட்ட சில வீடுகளில் வேறு கூத்து. "அடிக்கடி டிரிப் ஆவுது, தொல்லையா இருக்குது, கழட்டிடுங்க" என்பார்கள். அடிக்கடி டிரிப் ஆகிறதென்றால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேட வேண்டும். கருவியைக் கழற்றக் கூடாது. அதன் முகப்பில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்த வேண்டும். வீடு இருட்டானால் கருவி உயிரோடு இருக்கிறது.

பக்கெட்டில் தொங்கும் கம்பி

கீசர் வாங்க வசதியில்லாத வீட்டில் ஹீட்டர் ராடு இருக்கிறது. ஒண்டுக் குடித்தனங்கள், கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த அறைகள், கூலி வேலைக்கு வந்தவர்கள் தங்கும் கொட்டகைகள் எல்லாம் ராடில்தான் ஓடுகின்றன. 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி உயர்த்த அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும்; 1,500 வாட் ராடுக்கு இருபது நிமிடத்துக்குள் முடிகிற வேலை. ஆபத்து அந்த இருபது நிமிடத்தில்தான். சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது நம் கையின் பழக்கம். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகே அந்தத் தண்ணீரைத் தொட வேண்டும். இரும்பு பக்கெட்டோ எவர்சில்வர் அண்டாவோ கூடாது. ராடைத் தண்ணீரில் வைத்த பிறகே ஸ்விட்ச். குழந்தை தவழும் வீட்டில் ராடு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகக் கூடாது.

நடைபாதைக் கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ராடுகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காது. வாட்டர் ஹீட்டருக்கும் ராடுக்கும் அந்த முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2003லேயே உத்தரவு போட்டிருக்கிறது. இருந்தும் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். ராடுக்கான பிளக்கை 6 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவது இன்னொரு வழக்கம். 1,500 வாட் என்றால் ஆறரை ஆம்ப். 2,000 வாட் கீசர் என்றால் எட்டே முக்கால் ஆம்ப். மூன்றாயிரம் வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்ப். இவையெல்லாம் 16 ஆம்ப் பவர் பிளக்குக்கு உரியவை. பிளக் மேல் கை வைத்தால் சுடுகிறதென்றால் அங்கே தீ கிளம்பக் காத்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் முந்தின இரவு இந்தச் சுமை உச்சத்துக்குப் போகும். டேனிஷ் மிஷன் காலத்திலிருந்தே இங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. டிசம்பர் பிறந்ததும் வாசலில் ஸ்டார் ஏறிவிடும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்திருப்பார்கள். நள்ளிரவு ஆராதனைக்கு முன் வீட்டில் எல்லோரும் குளிக்க வேண்டும். கீசர் நிற்காமல் ஓடும். அதே நேரம் கேக் அவன், துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸ், குடிலில் சீரியல் செட், மாடியில் ஸ்டார். ஈரச் சுவரில் ஆணி அடித்துக் கட்டிய சீரியல் செட் வயரில் இன்சுலேஷன் காகிதம் போல இருக்கும். ஸ்டாருக்கும் சீரியல் செட்டுக்கும் தனி பிளக், கீசருக்கும் கேக் அவனுக்கும் தனி லைன் என்று பிரித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். தீபத்துக்குச் சரம் போடும் வீட்டுக்கும் இதே பேச்சுதான்.

கேஸும் கரியும்

நாலு பேர் குளிக்கும் வீட்டில் வெந்நீருக்குத் தினம் இரண்டு யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் 100 யூனிட்தான். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுச் சிலர் கேஸ் கீசருக்குப் போகிறார்கள். கரண்ட் ஷாக் இல்லை என்று ஒரு நிம்மதியும் அவர்களுக்கு உண்டு. அந்த நிம்மதி தவறு.

ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுதாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரமுள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 8 கன மீட்டர். கதவைச் சாத்தி, குளிர் வருகிறது என்று வென்டிலேட்டரில் அட்டையை அடைத்துவிட்டால், நெருப்பும் குளிக்கிறவரும் ஒரே காற்றுக்குப் போட்டி போடுகிறார்கள். காற்று பற்றாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்போடு அது பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், கால் தளரும். கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது கைக்குத் தாழ்ப்பாள் எட்டாது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலை ஊரில் கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, ஒரே அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கி எழவே இல்லை. ஜன்னல் கதவெல்லாம் உள்ளே தாழ் போட்டிருந்தது. 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலில் இரண்டு இளைஞர்கள் பார்பிக்யூ அடுப்புக் கரியை அறைக்குள் வைத்துத் தூங்கி அப்படியே இறந்தார்கள். திருவண்ணாமலை கொடைக்கானல் அளவுக்குக் குளிராது. ஆனால் நம் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது. மார்கழியில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தங்கப் போகிறவர்கள் கரிச்சட்டியை அறைக்குள் எடுத்துச் செல்ல வேண்டாம். கேஸ் கீசர் வைத்தே ஆக வேண்டும் என்றால், கருவி குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

யார் பொறுப்பு?

இதுவரை சொன்னதெல்லாம் புதிதல்ல. எங்கள் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் ஏன் எதுவும் நடப்பதில்லை என்றால், இது யார் வேலை என்பதில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். கரண்ட் ஆபீஸில் கேட்டால், மீட்டர் வரைதான் எங்களுடையது என்பார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால், "இத்தினி வருசமா ஒண்ணும் ஆவல, இப்ப மட்டும் இன்னா ஆயிடப்போவுது?" என்பார். குடியிருப்பவரைக் கேட்டால், "இன்னும் ஆறு மாசத்துல காலி பண்ணப்போறோம், நாங்க எதுக்குச் செலவு பண்ணணும்?" என்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் சிக்கல்.

மத்திய அரசு 2021இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். மின் வயரிங் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. கீசர் ரிப்பேரும் சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேரும் வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு. காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷாக் அடிக்கும் கீசருக்கு இந்தக் கோடு தெரியாது. எலிமென்ட் கசிந்தது கீசரின் கோளாறு. கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போகாதது வயரிங்கின் கோளாறு. இரண்டும் சேர்ந்தால்தான் சாவு. எலிமென்ட் என்றைக்காவது கசியத்தான் செய்யும், அது தேய்கிற பொருள். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சரியாக இருந்தால் அந்தக் கசிவு வெறும் ரிப்பேர் செலவோடு நின்றுவிடும். ஆகவே என் தீர்ப்பு வீட்டு உரிமையாளர் பக்கம்தான் சாய்கிறது. எர்த் குழியும் மெயின் போர்டும் அவருடைய சுவரில், அவருடைய மண்ணில் இருக்கின்றன. குடியிருப்பவர் நினைத்தாலும் அதைத் தோண்ட முடியாது.

இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டு விதிப்படி, வீட்டை வாடகைக்கு விடுகிறவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேஸ் கருவிகளைப் பதிவு பெற்ற ஆளை வைத்துச் சோதித்து, அந்தச் சான்றின் நகலைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். 2020இலிருந்து அங்கே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மின் வயரிங்குக்கும் அப்படிச் சான்று வேண்டும். அந்த நாட்டிலிருந்து வந்து நம் ஊரில் அறை எடுக்கிறவர், இங்கேயும் அப்படி ஏதோ ஒரு சோதனை நடந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வெறுங்காலோடு ஷவரைத் திறக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியாக இருக்க வேண்டாமா?

நம்மிடம் விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவியைப் பற்றிப் பேசுகின்றன. நம் மின்வாரியமும் வீட்டுக்கு ஒரு ஆர்.சி.டி., அதாவது ஆர்.சி.சி.பி. வகைக் கருவி, பொருத்தச் சொல்லித் திரும்பத் திரும்ப விளம்பரம் செய்கிறது. இல்லாமல் போனது, பழைய வீட்டுக் கதவைத் தட்டி, "காட்டுங்கள் பார்ப்போம்" என்று கேட்கும் ஆள்.

அந்த ஆளாக மாநகராட்சி இருக்கலாம். திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. லாட்ஜுக்கும் தங்கும் விடுதிக்கும் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கிறார்கள். அந்த மனுவோடு, எர்த் அளவு, ஆர்.சி.சி.பி. சோதனை, கீசர்களின் நிலை ஆகிய மூன்றையும் எழுதிக் கம்பியாள் கையொப்பமிட்ட ஒரு தாளையும் கேட்டால் என்ன? தீபத்துக்குக் கூட்டம் வரும் முன்னால், ஐப்பசிக்குள் அந்தத் தாள் வந்தாக வேண்டும் என்று வைக்கலாம். வீட்டு மாடியில் அறை விடுகிறவர்களையும் அதே வரிசையில் சேர்க்கலாம். பொய்ச் சான்று கொடுக்கும் கம்பியாளின் தகுதிச் சான்றைப் பறிக்கலாம். நான் அதற்கு எதிர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இதற்குச் செலவாகும் என்று சொல்வார்கள். ஆகும். பாறையில் எர்த் துளை போட போர்க்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கும், பழைய வீட்டில் வயரைப் பிரித்து இழுக்க வேண்டியிருக்கும். சிறிய வீட்டுக்காரருக்கு அது பாரம்தான். அவருக்கு நான் சொல்வது, முதலில் ஆர்.சி.சி.பி.யைப் போடுங்கள், அடுத்த வாடகைப் பணத்தில் எர்த்தைச் சரி செய்யுங்கள் என்பது. சீசனில் ஒரு அறைக்கு வாங்கும் சில நாள் வாடகையே முதல் வேலைக்குப் போதும். உங்கள் தொழிலுக்கு ஆள் பிடிக்கிறீர்கள் என்று என்னைச் சொல்கிறவர்களும் உண்டு. எர்த் சரியாக இருக்கும் வீட்டிலிருந்து எங்களுக்கு வரும் வேலை குறைவு. அந்தக் குறைவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

வாடகைக்கு இருப்பவர்களும் அறை எடுப்பவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். மெயின் போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் பொத்தானும் 30 மில்லி ஆம்ப் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர் வருமா என்று கேட்கும் வாய், எர்த் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கூடக் கேட்டால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது போட்டு வைப்பார்.

அதுவரை காசு செலவில்லாத ஒரு காவல் இருக்கிறது. தண்ணீரைச் சூடாக்குங்கள், ஸ்விட்சை அணைத்துப் பிளக்கை உருவுங்கள், பிறகு குளியுங்கள். பிளக் இல்லாமல் நேராக வயர் கொடுத்த கீசருக்கு, லைனையும் நியூட்ரலையும் சேர்த்து நிறுத்தும் டி.பி. ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். இன்ஸ்டன்ட் கீசரிலும் பக்கெட்டில் பிடித்து வைத்து, அணைத்துவிட்டே குளிக்கலாம். யாராவது ஷாக்கில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 108. மின் புகாருக்கு மின்னகம் 94987 94987, எரிவாயுக் கசிவுக்கு 1906. இந்த எண்களைக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

குழாயில் சுருக்கென்று உணர்ந்த வீட்டில் இன்று இரவே கீசரை அணைத்துவிடுங்கள். நாளைக்குக் கம்பியாள் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு போடுங்கள். அதுவரை பச்சைத் தண்ணீரில் குளித்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.